அம்மா எதற்குத் தலையாட்டினாள்

என் சின்ன மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டு, வழக்கம்போலச் சண்டையும் போட்டுக்கொண்டு நலமாகத்தான் இருக்கிறோம். நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேலையிலும் மனசிலும் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள். லேத்துப் பட்டறையில் இரும்பைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கை இது.

அண்ணன் எங்களைக் கடற்கரை விடுதிக்குக் கூட்டிப் போன படங்களை உனக்கு அனுப்பியிருப்பான். எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருப்போம். படத்தில் வராததை நான் சொல்கிறேன். ஒரு தடவை பணம் கட்டிவிட்டால் போதும், சாப்பாடு, குடிக்க, குளிக்க, ஆட, பாட எல்லாம் உள்ளேயே, பர்ஸைத் தொடவே வேண்டாம் என்று உன் அண்ணன் அவ்வளவு ஆசையாகச் சொன்னான். வாசலிலேயே எல்லோர் மணிக்கட்டிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டி அழுத்திவிட்டார்கள், கத்தரித்தால்தான் கழற்ற முடியும். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆஸ்பத்திரியில பொறந்த குழந்தைக்குக் கட்டின மாதிரி இருக்கு என்று சிரித்தாள். கடல் தெரியும் அறை என்றார்கள். ஜன்னலைத் திறந்தால் அவர்கள் சமையற்கட்டின் புகைப்போக்கி. குளியலறையில் நின்று கழுத்தை வளைத்துப் பார்த்தால் கைக்குட்டை அளவுக்குக் கடல் தெரிந்தது, பொய் சொல்லக் கூடாது. நீச்சல் குளத்தில் பாதியைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள், மீதிப் பாதியில் ஊரே நின்றது. குழந்தைகள் சறுக்கும் இடத்துக்குப் பூட்டு. அண்ணன் பெற்ற நம் வாலு அந்தப் பூட்டின் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றாள், அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மேல். காலையில் பார்த்த உருளைக்கிழங்கு மத்தியானம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும், ராத்திரி சூப்புக்குள் நீந்தும். ஆசை காட்டி மோசம் பண்ணுவது என்பார்களே, அது.

இதெல்லாம் போகட்டும். அந்த ஒலிபெருக்கியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. குளத்தைச் சுற்றி ஆளுயரப் பெட்டிகள், மைக்கோடு ஒருத்தன், கை தட்டுங்க, இன்னும் சத்தமா என்று பொழுதெல்லாம் ஒரே பாட்டு. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டும் கரண்டியும் போடுகிற இரைச்சல். அம்மா அங்கே போனதிலிருந்தே ஒரு மாதிரி இருந்தாள். யார் என்ன சொன்னாலும் ஒரு சிரிப்பு, அதோடு சரி. அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாமா, அத்தைக்கு எம்மேல ஏதாவது கோபமா, நான் ஒண்ணு கேட்டா அவங்க எங்கயோ பாக்கறாங்களே என்று கண் கலங்கிக் கேட்டாள். நான் பெரிய மனுஷன் மாதிரி, இடம் புதுசும்மா, சரியாயிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

உன் அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. இந்த வீட்டை விட்டுவிட்டு நாங்களும் கூடவே வந்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அதைக் கேட்கத்தான் இவ்வளவு ஏற்பாடு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாலு நாள் ஓய்வாக உட்கார்ந்தால் மனசு இளகும் என்று நினைத்திருக்கிறான், பாவம். நான் டீ வாங்கப் போய் வரிசையில் நின்ற நேரத்தில் குளத்தங்கரையில் வைத்து அம்மாவிடம் கேட்டிருக்கிறான். நான் காகிதக் கோப்பைகளோடு திரும்பி வந்தால் அவள் தோளைக் கட்டிக்கொண்டு, கண்ணெல்லாம் தண்ணீராக, அப்பா, அம்மா சரின்னுட்டாங்கப்பா என்கிறான். அவளும் சிரித்துக்கொண்டு தலையாட்டுகிறாள். தெருப்பக்க ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டிருக்கிற அந்த இடத்தை ஒரு முழம் நகர்த்தவே சம்மதிக்காதவள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டையே விட ஒப்புக்கொண்டாளா என்று ஆற்றாமையாக இருந்தது. எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம் என்று டீயை நீட்டினேன். அதற்குள் அவன் நண்பனுக்கும், அண்ணி அவள் அம்மாவுக்கும் ஃபோன் போட்டுச் சொல்லியாகிவிட்டது.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். அந்த விடுதிச் சுவர் அட்டை மாதிரி, பக்கத்து அறையில் தும்மினால் இங்கே கேட்கும். அதனால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, என் சுபாவத்துக்கே இல்லாத மெல்லிய குரலில், என்னைக் கேக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையா என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பதில் இல்லை. கொதித்துப் போய்த் திரும்பினால் அவள் பாட்டுக்குத் துண்டை மடித்துக்கொண்டு, ஏங்க, நாளைக்கும் இந்த உருளைக்கிழங்குதானா என்கிறாள். எனக்கு ஏதோ உறைத்தது. மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, உன் தையல் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம் என்று அதே குரலில் சொன்னேன். வேறு நேரமாக இருந்தால் என்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். இன்னொரு துண்டை எடுத்து மடித்தாள்.

எதிரில் போய் நின்று, காது கேக்கலையா உனக்கு, அப்புறம் அவன்கிட்ட எதுக்குத் தலையாட்டினே என்று கேட்டேன். முதலில், சும்மா இருங்க, ஏசி சத்தத்துல ஒண்ணும் கேக்கல என்று மழுப்பினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, இன்னொரு கிளாஸ் ஜூஸ் வேணுமான்னு கேக்கறான்னு நெனச்சேங்க, ஆசையா கேக்கறானேன்னு தலையாட்டினேன் என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெகு நாளாகவே காது மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. உதட்டைப் பார்த்துப் பார்த்தே ஒப்பேற்றியிருக்கிறாள். பட்டறையில் கத்திப் பழகின தொண்டை என்னுடையது, நான் பேசினால் அடுத்த தெருவுக்கே கேட்கும், அதனால் அவளுக்கும் கேட்டிருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கோபம் வந்தால் செவிடன் காதில் ஊதின சங்கு என்று அவளை விளையாட்டாகச் சொல்வேனே, அதையும் கத்தித்தானே சொல்லியிருக்கிறேன், அது மட்டும் அவளுக்கு முழுசாகக் கேட்டிருக்கும். அதை நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

மறுநாள் அண்ணனிடம் சொன்னோம். முகம் செத்துப்போயிற்று அவனுக்கு. என்னடா சொன்னேன்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமேம்மா என்றான். அம்மா அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் அந்த வீட்டை விட்டு வரலப்பா, உன்மேல எனக்குக் குறையில்ல என்றாள். அவன் எழுந்து குளத்துப் பக்கம் போய்விட்டான். அண்ணிதான் அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, எம்மேல கோபமில்லையே அத்தை, அது போதும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள், நல்ல பெண். மீதி நாளை விட்டுவிட்டுக் கிளம்பினோம். இதையே நம் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து கேட்டிருந்தால் அவள் மாட்டேன் என்றிருப்பாள், அவன் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிறகு சரியாகியிருப்பான். கொடுத்துவிட்டுப் பிடுங்கினது மாதிரி ஆகிவிட்டது இப்போது. ஊர் மாறிப் போய்விட்டார்கள். கூப்பிடுகிறான், அம்மாவுக்குக் காதுக் கருவி வந்துச்சா என்று கேட்கிறான், வைத்துவிடுகிறான். டாக்டர் அளவெடுத்திருக்கிறார், வந்தாலும் பழைய காது ஆகாது, ஃபோனில் கேட்பது சந்தேகம்தான் என்கிறார்.

இப்போது உன் விஷயம். இதை எழுதச் சொன்னதே அம்மாதான், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மழைக்காலத்தில் ஒருநாள் நீ அவளைக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினாயாம். நடுவில் நீ அழுத மாதிரி இருந்ததாம். என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, எல்லாம் நல்லதுக்குத்தான் கண்ணு, வேளாவேளைக்குச் சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டாளாம். அதற்குப் பிறகு நீ என் நம்பருக்குத்தான் கூப்பிடுகிறாய், அம்மா தூங்கட்டும், எழுப்பாதீங்க என்கிறாய். வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தேன். நீ சொன்னது என்னவோ எனக்குத் தெரியாது, எனக்குச் சொல்லவும் வேண்டாம். ஆனால் நீ சொன்னதைக் கேட்டுவிட்டு உன் அம்மா அந்தப் பதிலைச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அன்றிலிருந்து, என் பொண்ணு என்ன சொல்லி அழுதாளோ என்று இவள் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறாள்.

நீ எங்கே இருந்தாலும் கால் இடறாமல், கை சோராமல் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. மறக்காமல் ஒன்று செய்யம்மா. அன்றைக்குச் சொன்னதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் மறுபடி எழுது, உறையின் மேல் அம்மா பெயரை மட்டும் போடு. நான் பிரிக்க மாட்டேன்.

உன் அன்பு அப்பா