ப்ளாக் எண் கட்டாயம்

இன்று காலை புரொஜெக்டர் ஒயரைத் தேடி கல்லூரியில் உன் அலமாரியைத் திறந்தேன். ஒயர் இல்லை. வறுத்த முந்திரி வாசனைதான் வந்தது. காலி டப்பாவை உள்ளே வைத்து, மூடியைச் சரியாக மூடாமல் போயிருக்கிறாய். நீ எந்த மூடியைத்தான் சரியாக மூடினாய்? பேனா மூடி, தண்ணீர் பாட்டில் மூடி எல்லாவற்றையும் உன் பின்னாலேயே வந்து நான்தான் மூடிக்கொண்டிருந்தேன். அந்த டப்பாவை எடுத்து உள்ளே விரலால் துழாவிப் பார்த்தேன். அப்புறம் ஆபீசில் ஒயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

ஆமாம், இன்றைக்குத்தான் கூட்டம். நாம் சேர்ந்து எழுதிய மைனர் பாடத்தைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு இன்று பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது கேட்டாயே, "கமிட்டில என்னென்ன கேப்பாங்கன்னு நெனைக்கிற?" என்று. பாஸாகுமா என்று நீ கேட்கவில்லை. என்ன கேட்பார்கள் என்பதுதான் உனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் பஸ்ஸிலேயே சொல்லி முடித்திருப்பேன். இன்று பக்கத்து சீட்டில் யாரோ ஒருவர் மடியில் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டு வந்தார்.

அந்த பஸ்தான் நம் ஸ்டாஃப் ரூம். நீ காமர்ஸ், நான் கம்ப்யூட்டர். கல்லூரிக்குள் ஒருவரையொருவர் "மேடம்" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொள்வோம்; வடலூரில் பஸ் ஏறியதும் மரியாதை இறங்கிவிடும். நான் டவுன்ஷிப் ஸ்டாப்பில் இறங்குவேன். நீ மந்தாரக்குப்பம் போய் பஸ் மாறி, விருத்தாசலம் போய், இன்னொரு பஸ் பிடித்துக் கம்மாபுரம் போக வேண்டும். அவ்வளவு தூரம் போகிறவள் ஒரு நாளாவது தூங்கினாயா? கண்டக்டரின் டிக்கெட் மிஷினை எட்டிப் பார்த்து, "ஏங்க, நின்னுக்கினு வர்றவங்களுக்கு இதுல தனியா பட்டன் இருக்குங்களா?" என்று கேட்டாய். அவர் திகைத்துப்போய், "எதுக்கும்மா?" என்றார். "சும்மா, தெரிஞ்சிக்கலாம்னுதான்" என்றாய். நான் உன்னைத் தெரியாதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த "சும்மா தெரிஞ்சிக்கலாம்னு"தான் நம்மை முந்திரிக்குள் கொண்டுபோய் விட்டது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரி உடைக்கும் பெண்கள் குழு ஒன்றைப் பார்க்க நீ உன் மாணவர்களை அழைத்துப் போயிருந்தாய். திரும்பி வரும்போது உன் முகமே வேறாக இருந்தது. "ஏய், நம்மூரு முந்திரி நம்மூரு முந்திரின்னு பெருமையா தின்னுக்கினு இருக்கோமே, அதுல ஒரு பங்கு கொட்டை ஆப்பிரிக்காலேருந்து கப்பல்ல வருதாம்டீ! இங்க உடைச்சி, வறுத்து, இங்கேருந்து வேற நாட்டுக்குப் போவுதாம். அந்தக் கொட்டைய அனுப்பறவங்க யாரு? நடுவுல எத்தினி பேரு? எந்தக் கம்ப்யூட்டர்ல யாரு பேரு ஏறுது?" என்று மூச்சு விடாமல் கேட்டாய். எனக்கு எதற்குமே பதில் தெரியவில்லை. பதில் தெரியாதது உனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பெண்கள் குழுவுக்காக நம் மாணவப் பிள்ளைகள் இணையத்தில் ஒரு பக்கம் செய்தார்கள். கொட்டை அனுப்புகிறவர்கள் எந்த நாட்டிலிருந்தும் நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம். என் மாணவர்கள் என்பதால் சொல்லவில்லை, பார்க்க அழகாகத்தான் இருந்தது. டான்சானியாவிலிருந்து முதல் ஆளாக ஒரு பெண் வந்தார். நீமா என்று பெயர். பதிவுக்குப் பதிலாக அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல்தான் வந்தது. அதை நீ பஸ்ஸில் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாய்: 'வணக்கம். உங்கள் பக்கம் என்னிடம் ப்ளாக் எண் கேட்கிறது. குவார்ட்டர்ஸ் என்ன டைப் என்றும் கேட்கிறது. நான் சொந்த வீட்டில் இருக்கிறேன். குவார்ட்டர்ஸ் இல்லாதவர்களிடம் நீங்கள் கொட்டை வாங்க மாட்டீர்களா?'

நீ சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "பாவம்டீ அந்தம்மா. டைப் டூ அலாட் பண்ணிரலாமா? தோட்டம் போட எடம் இருக்கும்" என்றாய். எனக்கும் சிரிப்புதான். ஆனால் அந்தப் பக்கத்தை நானும் சரிபார்த்திருந்தேன். நான் இந்த டவுன்ஷிப்பில் பிறந்தவள். அப்பா நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட், கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். முகவரி என்றாலே ப்ளாக், ரோடு, குவார்ட்டர்ஸ் டைப் என்றுதான் என் கை எழுதும். பக்கத்தைச் செய்த பிள்ளைகளும் அநேகமாக எல்லாரும் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். ப்ளாக் இல்லாத வீடு ஒன்று உலகத்தில் இருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

மறுநாள் நாம் இருவரும் வகுப்பில் அதைச் சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பவானியைத் தவிர. உன் ஊர்ப் பக்கத்துப் பெண், அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட். கான்ட்ராக்டுக்கு ஏது குவார்ட்டர்ஸ்? தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். நீதான் அவளிடம் கேட்டாய்.

"நீயும் இத பண்ணவதானேம்மா. டெஸ்ட் பண்றப்ப உனக்கு எப்பிடி உள்ள போச்சி?"

"என் ஃப்ரெண்டு ப்ளாக்க போட்டுட்டேங்க மேடம்."

"தப்புன்னு தோணலியா?"

"எப்பவும் அப்பிடித்தாங்க போடுவேன். ஏதாச்சும் ஒரு ப்ளாக்க போட்டா போயிடும்."

அன்று மாலை பஸ்ஸில் நீ கண்டக்டரிடம்கூட எதுவும் கேட்கவில்லை. நான் இறங்க எழுந்தபோது மெதுவாகச் சொன்னாய்: "நானும் அப்பிடித்தான் போட்டேன்டீ. டவுன்ஷிப்ல படிக்கறப்ப, லைப்ரரி கார்டுக்கு. அந்த ப்ளாக்குல யாரு இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது." இத்தனை வருடப் பழக்கத்தில் இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை. நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். மந்தாரக்குப்பம் வரைக்கும் உன்னோடு வந்துவிட்டுத் திரும்பினேன், ஞாபகம் இருக்கிறதா?

அந்தப் பயணத்தில்தான் மைனர் பாடம் பிறந்தது. உலகளாவிய வணிகத் தகவல் தொழில்நுட்பம் என்று வாய்கொள்ளாத பெயர். எந்தப் பட்டம் படிக்கிறவர்களும் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் துணைப்பாடம். நம் கல்லூரி முதல்வர், மைனர் என்றால் தனக்குச் சில்க் ஜிப்பாவும் மைனர் செயினும்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். மற்ற தாள்களில் நமக்குள் சண்டையே இல்லை. ஏற்றுமதி நடைமுறை உன்னுடையது, தரவுத்தளம் என்னுடையது. சண்டையெல்லாம் முதல் தாளில்தான். கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது என்றாய். ஒவ்வொரு மாணவரும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வழியில் யார் யார் பெயரை எந்தத் திரை கேட்கிறது, யாருக்கு அந்தத் திரையில் இடமில்லை என்று நேரில் போய் விசாரித்து வர வேண்டும். "ஐ.டி. பாடத்துல கம்ப்யூட்டர் இல்லன்னா எவன்டீ பாஸ் பண்ணுவான்?" என்று கத்தினேன். "அதையும்தான் தெரிஞ்சிக்கலாமே" என்றாய்.

தெரிந்துகொள்ள நீ இருக்கவில்லை. காய்ச்சல் என்று போனவள் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலும் நர்ஸைப் பிடித்து, "இந்த மிஷினு எந்த ஊருல செஞ்சதுங்க? பேஷண்ட்டு பேரு கேக்குதே, கூட முழிச்சிக்கினு இருக்கற உங்க பேர எங்கனா கேக்குதா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாய். அந்த நர்ஸ் உன் சர்ச்சுக்கு, உன் அடக்கத்துக்கு வந்திருந்தாள். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

திட்டத்தை இணையத்தில் ஏற்றும்போது ஒரு தடங்கல். முன்மொழிபவர்கள் இருவர் என்று நம் இரண்டு பெயரையும் போட்டேன். உன் பணியாளர் எண்ணைப் போட்டதும் 'செயலில் இல்லை' என்று சிவப்பில் வந்து நின்றுகொண்டது. ஆபீஸ் உதவியாளர் எட்டிப் பார்த்து, "அந்தப் பேர மட்டும் எடுத்துட்டா போயிடும் மேடம்" என்றார். நல்ல மனிதர்தான், உதவியாகத்தான் சொன்னார். வேறு வழியில்லை. கடைசி நாள். எடுத்தேன். அன்று எனக்கு வந்த கோபத்தில் ஒரு குத்து விட்டிருப்பேன்; அந்தத் திரை கண்ணாடி என்பதால் தப்பித்தது.

இனி கூட்டம். என்ன கேட்டார்கள் தெரியுமா? முதலில், வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். அதற்கு நீ எழுதிவைத்த பதிலையே சொன்னேன். தலையாட்டினார்கள். அடுத்தது நான் பயந்தபடியே வந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த ஐ.டி. கம்பெனி உறுப்பினர், "பசங்க முந்திரித் தோப்புல சுத்தறதுக்கு எதுக்கு மேடம் கிரெடிட்?" என்றார். தலைவர் சிரித்துக்கொண்டே சமாதானமாகச் சொன்னார்: "மொத பேப்பர எடுத்துட்டு ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் சர்டிஃபிகேட் கோர்ஸ் போட்ருங்க. இன்னைக்கே பாஸ் பண்ணிடலாம்."

"சரிங்க சார்" தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பாடமாவது வரட்டுமே என்று தோன்றியது. அப்போது கையை முகர்ந்து பார்த்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். முந்திரி வாசனை போகவே இல்லை.

பிள்ளைகள் செய்த அந்தப் பழைய பக்கம் என் லேப்டாப்பில் இருந்தது. அதைத் திரையில் போட்டு, "சார், ஒரு நிமிஷம் இதுல உங்க பேர பதிவு பண்ணிப் பாருங்க" என்று சென்னைக்காரரிடம் தள்ளினேன். பெயர் போட்டார். ஊர் போட்டார். அப்புறம் நின்றுவிட்டார். "இது என்ன ப்ளாக் எண்? நான் அப்பார்ட்மென்ட்ல இருக்கேன். குவார்ட்டர்ஸ் டைப்பா? நான் என்ன போடணும்?" வெறுமனே விட்டுப் பார்த்தார். 'கட்டாயம்' என்று சிவப்பில் வந்தது. குழுவில் இன்னொரு உறுப்பினர், என்னைப்போல டவுன்ஷிப்பில் வளர்ந்த அம்மா, அவருக்கு உதவியாகச் சொன்னார்: "ஏதாவது ஒரு ப்ளாக்க போடுங்க சார், போயிடும்."

"இதையேதான் எங்க ஸ்டூடண்ட் சொன்னா மேடம்" என்றேன். நீமாவின் மின்னஞ்சலைச் சொன்னேன். பவானியைச் சொன்னேன். "இத செஞ்ச பசங்களுக்கு கோடிங் நல்லாவே தெரியும் சார். எங்களுக்குத் தெரியாதது மத்தவங்க வீடு. அத எந்த சர்டிஃபிகேட் கோர்ஸ்ல சேர்ந்து கத்துக்கறது? அதுக்குத்தான் மொத பேப்பர். அத எடுத்துட்டா மீதியும் வேணாம் சார்." கடைசி வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது என்பது உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

தலைவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அவர் கேட்ட கேள்வியைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று பஸ் முழுக்கத் துடித்துக்கொண்டு வந்தேன். "அந்த டான்சானியா அம்மா கடைசில பதிவு பண்ணாங்களா? வீட்டுக்கு அட்ரஸ் என்னன்னு போட்டாங்க?" சும்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்! உன் வியாதி அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

புதிய பக்கத்தைத் திறந்தேன். அதில் ப்ளாக் கிடையாது, டைப் கிடையாது. 'உங்கள் வீட்டுக்கு எப்படி வர வேண்டும்? உங்கள் சொற்களில் சொல்லுங்கள்' என்று ஒரே ஒரு பெரிய கட்டம். நீ சொல்லித்தான் பிள்ளைகள் வைத்தார்கள். நீமாவின் பதிவு இரண்டாவதாக இருந்தது. முதலில் இருந்தது நீ சோதனைக்குப் போட்டது. தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைத்தான் முதலில் வாசித்தார், எல்லாருக்கும் கேட்கும்படி: "விருத்தாசலத்துல சேத்தியாத்தோப்பு பஸ்ல ஏறிக்கினு கம்மாபுரத்துல எறங்குங்க. சர்ச்சுக்குப் பின்னால மூணாவது வூடு, பச்ச கதவு. கதவு சாத்தியே இருக்காது. வந்தா சாப்ட்டுட்டுத்தான் போவணும்." வாசித்துவிட்டு, "இது யாரு?" என்றார்.

"இந்தப் பாடத்த எழுதினவங்க சார்" என்றேன்.

பாஸாகிவிட்டது. முதல் தாளோடு. முதல் பேட்ச் படித்து முடித்ததும் மறுபடி பார்ப்பார்களாம், பார்க்கட்டும். திட்டத்தில் உன் பெயரைச் சேர்க்க இன்னும் வழியில்லை, அந்தத் திரையிடம் நாளைக்கும் போய்ச் சண்டை போடுவேன். சோதனைக்குப் போட்ட பதிவுகளை வேலை முடிந்ததும் அழித்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். அழித்துவிடலாமா என்று பிள்ளைகளும் கேட்டார்கள். மற்ற எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். உன் டப்பாவின் மூடியைக்கூட இறுக்கி மூடிவிட்டுத்தான் வந்தேன். அந்தப் பச்சைக் கதவை மட்டும் மூடவில்லை.