அடி தெரிந்த தண்ணீர்

ஒக்டோபர் 6, திங்கள்

காலையில் வெயில். மடுவத்துக் குழாயைத் திறந்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது. நேற்று மழைகூட இல்லை. மழைக் கலங்கல் என்றால் மறுநாள் விடிவதற்குள் தெளிந்துவிடும். இது, குழாய்க்குத் தண்ணீர் வருகிற ஆற்றுக்குள், மேலே மண் தோண்டும் பெக்கோ மெஷினை இறக்கி மாணிக்கக்கல் தேடுகிறவர்கள் கலக்குவது. தெளியாது. ஆற்றோரம் இப்போது கொக்குகூட நிற்பதில்லை. மீன் கண்ணுக்குத் தெரிந்தால்தானே நிற்கும்.

தோட்ட வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைமடுவத்தில் என்னிடம் விட்டுப் போனது இன்று பதினேழு பிள்ளைகள். தண்ணீரைத் துணியில் இரண்டு தரம் வடித்து, கொதிக்க வைத்துக் கொடுத்தேன். அப்படியும் மண் வாசம். ராணியின் மகள் சஷ்மி ஒரு வாய் குடித்து என் சட்டையிலேயே துப்பினாள். ஒன்றரை வயது ராட்சசி.

தோட்டத்து ஆபீசில் சொன்னேன். "தண்ணி பவுசர் வரும்மா" என்றார் கிளாக்கர். எப்போது என்று கேட்டதும் ஃபோனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

பின்னேரம் நல்ல மழை. விறகை மூடி வைக்கவில்லை. என் புத்தி.

ஒக்டோபர் 7, செவ்வாய்

கடை நானா ஒரு கட்டி சீனாக்காரம் கொடுத்தார். "வாளிக்குள்ள நாலு சுத்து சுத்திட்டு அப்படியே வைங்க தங்கச்சி. சேறெல்லாம் அடியில போய் உக்காந்துரும்."

உட்கார்ந்தது. அடியில் இரண்டு விரல் சேறு, மேலே கண்ணாடி. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம், கேத்தல் சூடேறவே இல்லை. பிள்ளைகள் தாகத்தில் அழுகை. இவ்வளவு தெளிந்த தண்ணீரைக் கொதிக்க வேறு வைக்க வேண்டுமா என்று தோன்றியது. முதலில் நானே ஒரு கோப்பை குடித்தேன். ருசிதான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். சஷ்மி இரண்டு கோப்பை. துப்பவில்லை.

மடுவத்துப் புத்தகத்தில் 'தண்ணீர் கொதிக்க வைத்தது' என்ற கட்டத்தில் சரி போட்டேன். தினமும் போடுகிற கை.

ஒக்டோபர் 8, புதன்

இன்றும் அப்படியே. விறகு காய்ந்திருக்கலாம், தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கொப்பியிலாவது உள்ளதை எழுத வேண்டும்.

ரப்பர் பால் வெட்டிவிட்டுப் பிள்ளைகளை எடுக்க வந்த தாய்மாருக்கு வாளியைக் காட்டினேன். "யம்மா, அடி தெரியுதே!" ஆளாளுக்குக் கேட்டார்கள். கட்டியை உடைத்து ஒன்பது வீட்டுக்குக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

புத்தகத்தில் சரி.

ஒக்டோபர் 9, வியாழன்

வராதவர்கள்: சஷ்மி. கீழ் லயத்து வரிசை வீட்டு இரட்டைப் பிள்ளைகள். மூவருக்கும் வயிற்றோட்டம். சஷ்மிக்கு இரத்தமும் போகிறதாம். விடியும்போதே த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்கு.

கேத்தலை வைத்தேன். விறகு நன்றாகவே பற்றியது.

ஒக்டோபர் 10, வெள்ளி

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். குழாய்த் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கொதிக்க வைத்தா கொடுத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். "ஓவ் மாத்தயா" என்றேன். ஆமாம் ஐயா. வாய் முந்திக்கொண்டது. புத்தகத்திலிருந்த சரிகளைப் பார்த்துத் தலையாட்டினார். அப்படியென்றால் வீட்டில் குடித்ததுதான் என்று எழுதிக்கொண்டு போனார்.

லயம் முழுக்க அதே பேச்சு. ராணி பச்சைத் தண்ணீர் கொடுத்தாளாம், ராணிக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதாம். அவள் புருஷன் ரவி வாசலில் நின்று, ஆஸ்பத்திரியிலிருக்கும் அவளோடு ஃபோனில் கத்துகிறான். "மடுவத்துல அக்கா எவ்வளவு பக்குவமா பாக்குறாங்க! ஒனக்கு என்னடி கேடு?"

ரவி அந்தப் பெக்கோக்காரர்களோடு கல் அரிக்கிற ஆள். சட்டையெல்லாம் எங்கள் குழாய்த் தண்ணீரின் நிறம். ஆற்றைக் கலக்கியது யாருடா என்று கேட்க நினைத்தேன். கேட்கிற யோக்கியதை எனக்கு ஏது.



ஒக்டோபர் 11, சனி

வானம் மூடாப்பு. பத்து மணிக்கு ராணி வந்தாள், உடுப்பு எடுத்துப் போக. இரண்டு நாளில் பாதி ஆளாகிவிட்டாள். சஷ்மிக்குச் சேலைன் ஏறுகிறதாம். வாயில் எதை வைத்தாலும் துப்புகிறாளாம். பிள்ளையின் போத்தலை என்னிடம் நீட்டினாள்.

"ஒங்க தண்ணி கொஞ்சம் ஊத்திக் குடுங்கக்கா. அதத்தான் துப்பாம குடிச்சா."

அடுப்பைப் பற்ற வைத்தேன்.

"எதுக்குக்கா? பஸ் போயிரும். அதான் நல்ல தண்ணியாச்சே."

"கொதிக்கட்டும்."

"எப்பவும் கொதிக்க வச்சுத்தானே குடுப்பீங்க?"

கேத்தலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இல்ல ராணி. செவ்வாயும் புதனும் வைக்கல. தெளிஞ்சிருக்குன்னு அப்படியே குடுத்துட்டேன். நீ ஒண்ணும் பண்ணல. நான்தான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போத்தல் என் கையில். தண்ணீர் கொதித்தது. ஆற வைத்துப் போத்தலில் ஊற்றினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சீனாக்காரம் கொடுத்த ஒன்பது வீட்டுக்கும் போனேன். கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள், நான் வைக்காமல் கொடுத்ததால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு இப்படி என்றேன். மூன்று வீட்டில் பேச்சு முடியுமுன் கதவு சாத்தினார்கள். பரிசோதகருக்கும் ஃபோனில் சொன்னேன். திங்கட்கிழமை புத்தகத்தோடு வர வேண்டுமாம். வேலை போகும். போகட்டும்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வெயில். மேலே பெக்கோ சத்தம். ஞாயிற்றுக்கிழமைகூட அவர்களுக்குக் கிடையாது.

ரவி வந்தான். படியேறவில்லை. சஷ்மி கொஞ்சம் குடிக்கிறாளாம், பயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அழுகை வந்துவிட்டது, அவன் முன்னால் அழவும் வெட்கம்.

போத்தலைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் நேற்று ஊற்றியபடியே நிறைய இருந்தது. அங்கேயே நின்று மூடியைத் திறந்து, அவ்வளவையும் மண்ணில் கவிழ்த்துவிட்டு, வெறும் போத்தலோடு போனான்.