பத்துக்கு எத்தனை நோ

இன்று காலை நான் வேலை செய்கிற கிளினிக்கின் நடையை யாரோ லாவெண்டர் மணக்கிற திரவம் போட்டுத் துடைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் உன் வாசம். கல்லூரி வகுப்பில் எல்லோரும் நீ ஏதோ விலையான சென்ற் பூசிக்கொண்டு வருகிறாய் என்றுதான் நினைத்தார்கள். விடிய முன்னரே அம்மாவோடு போய் அலுவலகங்களின் தரையைக் கழுவிவிட்டு அப்படியே பஸ் ஏறி வருகிறவள் என்பது எனக்கு மட்டுந்தான் தெரியும். எனக்கு அழுகை வரவில்லையடி, கோபந்தான் வந்தது. நீ போய் இத்தனை காலமாகியும் முதலில் வருவது அதுதான்.

எக்குவடோரிலிருந்து வந்த உன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நீ. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் குடும்பத்தில் நான். எதையும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் சேர்ந்து முழித்ததில் ஒட்டிக்கொண்டோம். உன் அம்மாவுக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. துடைத்துத் துடைத்தே தேய்ந்த தோள். "என்ரை முதல் பேஷன்ற் அவதான்" என்று சொல்லிக்கொண்டிருப்பாய். உன் திட்டம் பெரிது: முதலில் நாங்கள் படித்த பிசியோதெரபி உதவியாளர் வேலை, பிறகு பல்கலைக்கழகம், பிறகு சொந்தமாக ஒரு கிளினிக். கேட்கிறவர்களுக்கே மூச்சு வாங்கும்.

தமிழ் ஆட்கள் நிறைய வருகிற வோபர்ன் கிளினிக்குக்குப் பயிற்சிக்குப் போன நாட்கள் நினைவிருக்கிறதா? முழங்கால் சத்திரசிகிச்சை செய்த அன்ரி ஒருவர் காலை மடக்கும்போது நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டியது. பத்துக்கு எத்தனை நோ, வலிக்கு ஒரு நம்பர் சொல்லுங்கோ என்று நீ ஆங்கிலத்தில் கேட்க, நான் அதை அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"பறவாயில்லை பிள்ளை. வயசு போனா நோகுந்தானே" என்றார் அன்ரி.

நீ என்னைப் பார்த்தாய். "உதிலை நம்பர் எங்கை?"

எங்கள் ஆட்கள் நோவை வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்று விளக்கம் சொன்னேன். உன் அம்மாவும் அப்படித்தானாம். எது கேட்டாலும் ஸ்பானிய மொழியில் "நோ எஸ் நாதா", ஒன்றுமில்லை என்பாராம். நாதா என்றால் எங்கள் பழைய பாட்டுகளில் மனைவி புருஷனைக் கூப்பிடுகிற சொல் என்று நான் சொல்ல, அந்த அன்ரியும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கே அந்தக் கேள்விக்கு என்னிடம் தமிழ் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டாய். அதன் பிறகு யாரும் தப்ப முடியவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பறவாயில்லை வேண்டாம் அன்ரி, நம்பர் சொல்லுங்கோ" என்பாய். முதலில் அகப்பட்ட அந்த அன்ரி கொஞ்சம் யோசித்து ஏழு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எட்டெண்டும் சொல்லலாம்" என்றார்.

அப்படிப்பட்டவள் நீ. உனக்கு வந்தபோது என்ன செய்தாய்?

அந்தப் பனிக்காலம் ஈரப்படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகி, காலை அசைய விடாத கட்டைப் பூட்ஸ் போட்டிருந்தாய். சில வாரத்தில் கெண்டைக்கால் நோகத் தொடங்கியது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. இது தசைப்பிடிப்பு இல்லை, ரத்தக்கட்டியாக இருக்கலாம், நாங்கள் படித்ததுதானே, எமர்ஜென்சிக்குப் போவோம் என்றேன். "பறவாயில்லை" என்றாய். என் மொழியில் எத்தனையோ சொல் இருக்க, கடைசியில் உனக்கு உதவாத அந்தச் சொல்லைத்தானா எடுத்தாய்?

நான் விடாமல் நின்றதால் முன்பதிவு இல்லாமல் போகிற பக்கத்து வாக்-இன் கிளினிக்குக்கு மட்டும் போனாய். டாக்டர் பத்துக்கு எத்தனை என்று கேட்டாராம். மூன்று என்றாயாம். அவர் பூட்ஸைக் கழற்றச் சொல்லக்கூட இல்லை. நோ மாத்திரையும் கையுமாக வந்து இதை எனக்குச் சிரித்துக்கொண்டு சொன்னாய். பயிற்சி நாட்கள் விடுபட்டால் அந்தத் தவணையையே திரும்பச் செய்ய வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பயந்துதான் மூன்று என்றாய். அந்த வாரமே சப்வே படியில் விழுந்தாய். கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது.

உன் இறுதிச் சடங்கில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே புகழ்ச்சி. ஒரு நாளும் முறைப்பட்டதில்லையாம், எதையும் தாங்குவாளாம். உன்னைக் கொன்றதைத்தான் புகழ்கிறார்கள் என்பது யாருக்கும் விளங்கவில்லை. என் அம்மாவும் வீட்டுக்கு வந்து, "பாவம், பொறுமையான பிள்ளை. பொறுத்தார் பூமி ஆள்வார் எண்டு சொல்லுறது" என்றார். "அவள் ஆளேல்லையம்மா, பூமிக்குள்ளை போயிட்டாள்" என்றேன். அம்மா என்னோடு நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த டாக்டர் மீது கோபம். ஒரு பிள்ளை காய்ச்சலுக்குக்கூடப் படுக்க முடியாதபடி சட்டம் வைத்தவர்கள் மீது கோபம். எல்லாவற்றிலும் பெரிய கோபம் உன் மீதுதான். ஆற விடு என்கிறார்கள். ஏன் ஆற வேண்டும்?

போன வாரம் லொறி ஓட்டுகிற அண்ணை ஒருவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். "சும்மா பிடிச்சிருக்கு தங்கச்சி, உருவி விடுமன்" என்றார். தொட மாட்டேன், இப்போதே எமர்ஜென்சிக்குப் போங்கோ என்றேன். மேலதிகாரி கண்ணைக் காட்டியும் நான் கேட்கவில்லை. குரல் உயர்ந்துவிட்டது. அவர் பயந்து எமர்ஜென்சிக்குப் போனார்.

வெறும் தசைப்பிடிப்புத்தான். அடுத்த நாள் திரும்பி வந்து, எல்லோருக்கும் முன்னால் சண்டை பிடித்தார். "ஒரு நாள் வேலை போச்சு. நீர் என்ன டொக்டரோ?" மேலதிகாரி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. அடுத்த ஆளையும் அனுப்புவேன் என்றேன்.

அவர் திட்டத் திட்ட நான் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். தன் இரண்டு காலாலும் நடந்து வந்து திட்டுகிற மனுஷன். நீயும் ஒரு நாள் அப்படி வந்து, வீணாக என்னை அலைக்கழித்தாய் என்று என்னைத் திட்டியிருக்கலாம்.