கண் வைக்கச் சொன்னே

1991 மார்ச் 4, திங்கள்

பக்கவாதம் வந்த என் கணவன் ரெஜ்ஜை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து ஒரு வாரம் தாண்டிவிட்டது. இடது கை சரியாக வரவில்லை, அதுகூடப் பரவாயில்லை. பேச்சுதான். வார்த்தையெல்லாம் சுத்தமாக வருகிறது. ஆனால் நாம் சொல்வது அவனுக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. பக்கத்து வீட்டு டாரத்தி நனைந்துகொண்டே வந்து, "வெளியே நாயும் பூனையுமா கொட்டுது" என்றாள். அடைமழையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ரெஜ் ஜன்னலருகே போய் நின்றான். "ஒண்ணையும் காணோமே."

டாரத்தி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. எங்கள் கிரிம்ஸ்பி ஊரில் பஸ் ஓட்டிய காலமெல்லாம் ஏறுகிறவர்களையெல்லாம் கிண்டலடித்தவன்.

மார்ச் 5

தூக்கமே இல்லை.

மார்ச் 9, சனி

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இமோஜன் வந்தாள். "மூளையோட வலது பக்கம் அடி வாங்கியிருக்கு. வார்த்தை புரியும், அதுக்குப் பின்னாடி இருக்கிறது சட்டுன்னு பிடிபடாது. எதையும் நேராச் சொல்லுங்க."

"பழையபடி வருமா?"

"கொஞ்சம் வரலாம்."

எவ்வளவு கொஞ்சம்? கேட்கப் பயமாக இருந்தது.

நேராகச் சொல்வதாம். உடம்பு சரியில்லை என்றால் 'வானிலைக்கு அடியில் இருக்கிறேன்' என்போம். வேலை சுலபமென்றால் 'ஒரு துண்டு கேக்' என்போம். வாயைத் திறந்தால் இதுதானே வருகிறது? இந்த வயதில் எந்தப் பேச்சை மறப்பேன்?

மார்ச் 12, செவ்வாய்

சமையலறை ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டுவிட்டு எழுதுகிறேன்.

உருளைக்கிழங்கு வறுக்க எண்ணெய்ச் சட்டியை ஏற்றியிருந்தேன். வாசலில் தபால்காரர். "சட்டி மேல ஒரு கண் வை" என்று ரெஜ்ஜிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பினால் ஒரே புகை. சட்டியில் தீ! அவன் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பை அணைத்து, பிழிந்த ஈரத்துணியைப் போட்டு மூடினேன்.

"ஏன் அணைக்கலே? ஏன் என்னைக் கூப்பிடலே? செத்திருப்பியே!"

"கண் வைக்கச் சொன்னே, ஹில்டா. வச்சேன்."

புருவம் பொசுங்கியிருந்தது. அவ்வளவு பக்கத்தில் நின்றிருக்கிறான் — நான் சொன்னதற்காக.

மார்ச் 13

ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் பள்ளிச் சமையலறை வேலைக்கு நான் திரும்பியாக வேண்டும். இவனை விட்டுவிட்டு எப்படி?

மார்ச் 20, புதன்

பஸ் டிப்போவிலிருந்து லென் பேசினான். போனை ரெஜ்தான் எடுத்தான். வைத்துவிட்டு வந்து, "சிட்னி வாளியை உதைச்சுட்டானாம். யாரோட வாளி? கால்ல அடிபட்டிருக்குமோ?" என்றான்.

செத்துப்போனவனைத்தான் 'வாளியை உதைச்சுட்டான்' என்போம். சிட்னி ரெஜ்ஜோடு ஒரே தடத்தில் பஸ் ஓட்டியவன். லென்னைக் குற்றம் சொல்ல முடியாது. சாவை நாங்கள் எல்லோரும் இப்படித்தான் சிரித்து மறைப்போம்.

"செத்துட்டான், ரெஜ். சிட்னி செத்துட்டான்."

அப்பா போனபோதுகூட அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. ரெஜ் வாய்விட்டு அழுதான். நானும்தான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

டீ கொடுத்தேன். குடிக்காமல் என்னையே பார்த்தான்.

"என்னை விட்டுட்டுப் போயிருவியா?"

"நான் எங்கேயும் போகமாட்டேன்."

"நாளைக்கு வேலைக்குப் போறேன்னியே." முகம் சுருங்கிவிட்டது. நான் பொய் சொல்கிறேன் என்றே நினைத்துவிட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "நாளைக்கு வேலைக்குப் போவேன். மூணு மணிக்கு வருவேன். அதுவரைக்கும் டாரத்தி இருப்பா. நீ இப்படியே இருந்தாலும் நான் உன்கூடத்தான் இருப்பேன். எனக்கு உன்னைப் பிடிக்கும்."

யோசித்தான். "எனக்கும் உன்னை." டீயை எடுத்துக் குடித்தான்.

எங்களுக்குள் இதை இப்படிச் சொல்லிக்கொண்டதாக ஞாபகமே இல்லை.

ஏப்ரல் 15, திங்கள்

மூன்று மணிக்கு வந்துவிட்டேன். ரெஜ்ஜும் டாரத்தியும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் பள்ளிச் சமையலறையில் கஸ்டர்ட் கிளறும்போது, கூட வேலை செய்யும் மார்ஜரி, "எப்படி இருக்கே?" என்றாள். 'குறையொண்ணும் இல்லே' என்பதுதான் எங்கள் வழக்கம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பயமா இருக்கு, மார்ஜரி. தினமும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உட்காருடி. பிள்ளைங்க கொஞ்சம் காத்திருக்கட்டும்."