இடது கால் செருப்பு

28 ஜூலை 2024, ஞாயிறு

இடுப்பிலிருந்து இடது கணுக்கால் வரை ஒரே இழுப்பு. தோசை சுடக்கூட நிற்க முடியவில்லை. முதுகில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறதாம். டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைத்தான் எரிக்கிறது. இசைப்பிரியா இடுப்புக்கு பெல்ட் வாங்கி வந்திருக்கிறாள். அப்பா இறந்த பிறகு அவர் இடத்தில் மைன்ஸ் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து என் மகளுக்கு அவருடைய அதிகாரமும் சேர்ந்து வந்துவிட்டது. குனியக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு ஷிப்ட் போகிறாள்.

4 ஆகஸ்ட், ஆடி அமாவாசை

அவருக்குப் படைத்தேன். போன வருஷம் சித்திரையில் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. இன்று இலை போட்டுக் கும்பிடும்போது வேறு எதுவும் கேட்கவில்லை. இந்த வலியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். உயிரோடு இருந்தபோது ஒரு சொம்பைக்கூட எடுத்து வைக்காத மனுஷனிடம் போய்க் கேட்டேன் பார்.

7 ஆகஸ்ட்

வலி இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

மெயின் பஜாரில் கீரை வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலில் செருப்பை விடப் பார்த்தால் இடது காலில் செருப்பே இல்லை. வழியில் எங்கும் கழற்றவில்லையே. திரும்பிப் போய்ப் பார்த்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முனையில் வேப்பமரத்தடியில் கிடந்தது. அங்கிருந்து ஒற்றைக் கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறேன். கல் குத்தாதா? மண் சுடாதா?

அதுவும் இடது செருப்பு.

கல்யாணமான புதிதில் சண்டை வந்தால் குறிஞ்சிப்பாடிக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுப்பேன். அவர் எதிர்த்துப் பேசமாட்டார். என் இடது செருப்பை மட்டும் எங்கேயாவது ஒளித்துவிட்டு செகண்ட் ஷிப்ட் போய்விடுவார். திரும்பி வந்து, "ஒத்தச் செருப்போட எங்க போவ, ஆதி?" என்று சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

வலியை எடுத்துக்கொண்டு போனவருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நான் கேட்கவில்லை.

15 ஆகஸ்ட்

மறுபடியும். இந்த முறை மாடிப்படியில், ஒரு படியில் கவிழ்ந்து கிடந்தது. வீட்டில் யாரும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து, "இருக்கீங்களா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். பயம் இருந்தது. பயத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது.

19 ஆகஸ்ட்

வார் தளர்ந்துவிட்டது, புதுச் செருப்பு வாங்கித் தருகிறேன் என்றாள் இசைப்பிரியா. வேண்டாம் என்று கத்திவிட்டேன். பாவம், திகைத்துப் போய்ப் பார்த்தாள்.

23 ஆகஸ்ட், வெள்ளி

கீழ் வீட்டுப் பட்டம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் படியிறங்கி வந்ததும் கோலப்பொடியைக் கீழே வைத்துவிட்டாள். "யக்கா, கட்டவெரல் நகம் பேந்து ரத்தம் ஊத்துது. நீ பாட்டுக்கு நடந்துகினு வரியே."

குனிந்து பார்த்தேன். ஆமாம், ரத்தம். தொட்டுப் பார்த்தேன். வேறு யாருடைய விரலையோ தொடுவது போல இருந்தது. கொஞ்ச நாளாகவே நான் அந்தக் காலைத் தரையில் தட்டித் தட்டி நடக்கிறேனாம். மகளிடமும் சொல்லிவிட்டாள்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

கடலூரில் எலும்பு டாக்டர். குதிகாலை ஊன்றி நடக்கச் சொன்னார். வலது பாதம் நிமிர்ந்தது, இடது தொங்கியது. கட்டைவிரலைத் தூக்கச் சொல்லித் தன் விரலால் அழுத்திப் பிடித்தார். அழுத்தியிருக்கவே வேண்டாம், விரல் அசையவே இல்லை.

வலி குணமாகவில்லையாம். நரம்பு நசுங்கி நசுங்கி, வலியைச் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டதாம். செருப்பைப் பிடித்துக்கொள்ள விரலுக்குப் பலம் இல்லை, கழன்றதைச் சொல்லத் தோலுக்கு உணர்வு இல்லை. சீக்கிரம் ஆபரேஷன் செய்து அழுத்தத்தை எடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் பாதம் இப்படியே நின்றுவிடலாம்.

ஆபரேஷன் செய்தால் செருப்பு கழலாதா என்று கேட்டேன். நான் நம்பிக்கையோடு கேட்பதாக நினைத்துக்கொண்டார். "நல்லா நடக்கலாம்மா, கவலைப்படாதீங்க" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

28 ஆகஸ்ட்

எல்லாமே டிஸ்க்தானா? அமாவாசை முடிந்த கையோடு வலி போனது? வலதை விட்டுவிட்டு இடதே கழன்றது? டாக்டருக்கு நரம்பு தெரியும். செருப்பை ஒளித்த கையைத் தெரியுமா அவருக்கு?

போகட்டும். பாதம் தொங்கினால் தொங்கட்டும். ஒருமுறை போனவர் வந்திருக்கிறார், நானே கத்தி வைத்து விரட்டணுமா?

29 ஆகஸ்ட்

ஆபரேஷன் வேண்டாம், அப்பா வந்திருக்கிறார் என்று இசைப்பிரியாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகத்துக்கு மருந்து போட்டாள். அப்புறம் சொன்னாள்: "உன் கால எடுத்துகினு வெளையாடுறது எங்கப்பா இல்லம்மா."

30 ஆகஸ்ட்

சம்மதம் சொல்லிவிட்டேன்.

8 செப்டம்பர்

முதுகில் சின்னத் தையல்தான். பாதம் இன்னும் தொங்குகிறது. தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டியிருக்கிறார்கள். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கச் சொல்லிப் பிசியோதெரபிக்காரப் பெண் விரட்டுகிறாள். பட்டையோடு செருப்பு போட முடியாது. அவர் வந்தாலும் எடுக்க ஒன்றும் இல்லை.

20 அக்டோபர்

கட்டைவிரல் அசைந்தது. மகள் பட்டம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வாங்கத் தனியாக மெயின் பஜார் போனேன். பட்டை இல்லை, பழைய செருப்புதான். வரும்போது வேப்பமரத்தடியில் நின்று குனிந்து பார்த்தேன். இரண்டும் காலிலேயே இருந்தன. இடதை நானே கழற்றிவிட்டு ஓர் அடி வைத்தேன். கல் குத்தியது. நன்றாகவே குத்தியது.

வீட்டுக்கு வந்து மஞ்சளைச் சாமி மாடத்தில் வைத்தேன். இசைப்பிரியா குளிக்கப் போனதும் என் இடது செருப்பைக் கொண்டுபோய், அவர் படுத்திருந்த கட்டிலுக்கு அடியில், சுவரோரமாகத் தள்ளி வைத்தேன்.

காலையில் தேடிக்கொள்கிறேன்.