கேரவன் கீலும் நேற்றைய சண்டையும்

ஏங்க,

கேரவன் கதவு இப்ப ஒரு விரலால தள்ளினாலே திறக்குது. முதல்ல போய்ப் பாருங்க, சாப்பாடு அப்புறம். அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன்.

மூணு வாரமா நீங்க விட்ட எண்ணெய் கீலுக்குள்ள இறங்கவே இல்லை. கதவுக்குப் பெயிண்ட் அடிச்சப்போ கீலுக்கும் சேர்த்து அடிச்சுட்டீங்க, மகராசா. காலையில நான் அதைச் சுரண்டி எடுத்துட்டு ரெண்டே சொட்டு விட்டேன். பழம் வெட்டற கத்திதான் மொக்கையாயிடுச்சு.

நாளைக்குக் கிளம்பறோம். இனி கதவைச் சாக்கு சொல்லிப் பயணத்தைத் தள்ளிப்போட முடியாது. சாவி ஆணியில தொங்குது. வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு வந்துடுவேன்.

பி.கு: நேத்து சண்டையில நான் கதவை அறைஞ்சு சாத்தப் போய், அது பாதியிலயே நின்னதும் சிரிச்சீங்கல்ல? இன்னைக்குச் சாத்திப் பார்த்தேன், வண்டியே ஆடிப்போச்சு. ஆனா உள்ளே நீங்க இல்லாம அதுல ஒரு சுகமும் இல்லை.