பதினாலாம் கணக்கு

ஜனவரி 6, திங்கள்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இன்று கணிதத் தேர்வு வைத்தேன். நூற்றுப் பன்னிரண்டு பேர். நுழைவுத் தேர்வில் வடிகட்டி எடுத்த பிள்ளைகள் என்று பேர். என்னுடையது இரண்டாவது வடிகட்டி. இருபது கணக்கு, ஒன்றுக்கு ஐந்து மதிப்பெண், பாதி வழி சரியாக இருந்தால் அதற்கும் ஒன்றிரண்டு உண்டு. எண்பது எடுத்தால் முதல் பிரிவு. ஒன்று குறைந்தாலும் அடித்தளப் பிரிவு. பழைய பாடத்தையே ஒரு வருடம் உருட்ட வேண்டும். அங்கே போன யாரும் பிறகு மேல்கணிதம் எடுத்து நான் பார்த்ததில்லை.

மூன்று மணி நேரமும் நடந்துகொண்டே இருந்தேன். ஜன்னலோரம் இருந்தவள் இடது கையை ஏன் மூடியே வைத்திருந்தாள்? திறக்கச் சொன்னேன். மிட்டாய்க் காகிதம். இரண்டு பேர் ஒரே சமயத்தில் தும்மினார்கள். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

முடிந்ததும் வினாத்தாளை எண்ணி வாங்கிவிட்டேன். ஒரு தாள் வெளியே போகக்கூடாது. பதினொரு வருடமாக இது என் சட்டம். பழைய நகல் மங்கிப்போனதால் அலுவலகத் தட்டச்சர் இந்த முறை புதிதாக அடித்துக் கொடுத்தார். மற்றபடி அதே தாள்தான். நல்ல தாளை எதற்கு மாற்றுவது?

ஜனவரி 8, புதன்

திருத்தி முடித்தேன். விடைகளை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வதெல்லாம் சின்ன வாத்தியார் மாதிரி புதுசாக வந்தவர்களுக்கு. எனக்கு இருபதும் மனப்பாடம்.

ஒருத்தி மட்டும் எரிச்சல் மூட்டினாள். வகுப்பிலேயே உயரமானவள், கடைசி பெஞ்சு, நான் வைத்த பேர் நெட்டை. பதினாலாம் கணக்கு குழாயும் தொட்டியும். ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், அடியில் உள்ளது நான்கு மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டையும் திறந்துவிட்டால் எப்போது நிரம்பும்? பன்னிரண்டு மணி நேரம். அவள் எழுதியிருப்பது: ‘தொட்டி நிரம்பாது.’ அவ்வளவுதான். அதற்கு அடிக்கோடு வேறு. திமிர். சுழி போட்டேன். மொத்தம் எழுபத்தாறு.

ஜனவரி 10, வெள்ளி

எழுதினால்தான் மனசு அடங்கும்.

மதியம் நெட்டை அவள் அம்மாவோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள். அம்மா ஒரு பேக்கரியில் வேலை. சட்டைக் கையில் மாவு அப்படியே இருந்தது. “இவளை எந்த டியூஷனுக்கும் அனுப்பல டீச்சர். அது எங்க தப்புதானா?” என்று கேட்டார். தப்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

நெட்டை நேராக விஷயத்துக்கு வந்தாள். “உள்ள வர்றதை விட வெளிய போறது ஜாஸ்தி டீச்சர். எப்படி நிரம்பும்?”

வாயடைக்கத்தான் கட்டைப் பிரித்தேன். அவள் முன்னாலேயே ஒரு வினாத்தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். “ஒரு குழாய் தொட்டியை எட்டு மணி நேரத்தில்—”

எட்டு.

மூன்று இல்லை. எட்டு! தட்டச்சர் தப்பாக அடித்திருக்கிறார். நிரப்ப எட்டு, காலியாக நாலு. ஏழு ஜென்மம் எடுத்தாலும் அந்தத் தொட்டி நிரம்பாது. நெட்டை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுழியை அடித்து ஐந்து போட்டேன். எண்பத்தொன்று. “முதல் பிரிவு, போ” என்றேன். அம்மா இரண்டு கையையும் கூப்பினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. தாளில் இருப்பது எட்டு. அப்படியானால் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது?

எண்ணினேன். நாற்பத்தேழு பேர் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேர் மூன்றில் ஒன்று கழித்தல் நான்கில் ஒன்று என்று வழியும் காட்டியிருக்கிறார்கள். அந்த மூன்று தாளிலேயே இல்லை! தாளில் இல்லாத எண்ணை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

தாள் கசிந்திருக்கிறது. என் தாள்.

ஜனவரி 11, சனி

யார் யார் கைக்குப் போனது? நான். தலைமை ஆசிரியை. தட்டச்சர். தேர்வறையில் என்னோடு நின்ற சின்ன வாத்தியார். அவருடைய மச்சான்தான் பேருந்து நிறுத்தத்தருகே டியூஷன் நடத்துகிறான். நான் திரும்பும்போதெல்லாம் அவர் ஏன் சிரித்தார்? வெறும் மரியாதைக்கா?

அப்புறம் இன்னொன்று. எழுதவே கூசுகிறது. மூலத்தாள் இருப்பது என் வீட்டு பீரோவில். என் கணவருடைய மருந்துக் கடை இருப்பது அந்த டியூஷனுக்கு எதிரில்.

காலைச் சாப்பாட்டில் கேட்டேவிட்டேன். “டியூஷன் மாஸ்டர் உங்க கடைக்கு வருவானா?”

“இருமல் மருந்துக்கு வருவான். ஏன்?”

“பீரோவை நீங்க திறந்தீங்களா?”

இவர் தட்டைத் தள்ளி வைத்தார். “கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அந்த பீரோ சாவி எங்க இருக்குன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. நீ சொன்னதே இல்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். உண்மைதான். சொன்னதே இல்லை.

ஜனவரி 13, திங்கள்

இன்று நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

தலைமை ஆசிரியை அறையில் தட்டச்சரை வைத்துக் கேட்டேன். அமைதியான மனிதர், என் வயதுதான் இருக்கும். தினம் தேநீர் வரும்போது என் மேசையில் ஒரு கோப்பை வைத்துவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போவார். அவரிடம், “இரண்டு நாள் தாள் உங்ககிட்டதான இருந்துச்சு? யாருக்குக் குடுத்தீங்க?” என்று நேருக்கு நேர் கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்.

“தப்பா அடிச்சது நான்தான் டீச்சர். மங்கலா இருந்துச்சு, மூணு எனக்கு எட்டா தெரிஞ்சுது. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா நான் வெளிய குடுத்திருந்தா எட்டுன்னுதானே போயிருக்கும்? பிள்ளைங்க மூணுன்னு போட்டிருக்காங்க. நான் அடிச்ச கணக்குல மூணே இல்லையே.”

தலைமை ஆசிரியை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

இவ்வளவு சுலபமான தர்க்கம். மூன்று நாளாக எனக்கு எட்டவில்லை. கணக்கு டீச்சர் நான்! போன தாள் இந்த வருடத்துத் தாளே இல்லை. பழையது.

தேநீர் வந்தது. என் மேசைக்கு வரவில்லை.

ஜனவரி 16, வியாழன்

பன்னிரண்டு எழுதியவர்களில் இரட்டைச் சடை போட்ட ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டேன். மிரட்டவில்லை. மிரட்டும் தெம்பு இல்லை.

அவளும் பயப்படவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை டீச்சர் ஏன் ரகசியம் மாதிரி கேட்கிறார் என்று பார்த்தாள்.

“டியூஷன்ல இங்க சேர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு நம்பர் குடுப்பாங்க டீச்சர். அந்த ஒரு கணக்கை மட்டும் நல்லா ஞாபகம் வெச்சுக்கிட்டு வரணும். வெளிய வந்ததும் சாரோட நோட்டுல எழுதணும். எங்க அக்கா நாலு வருஷம் முன்னாடி சேர்ந்தா. அவளுக்குப் பதினாலு.”

“எதுக்கு அப்படி?”

“நீங்கதான் தாளைத் திருப்பி வாங்கிடுவீங்களே. அதான்.”

பையிலிருந்து அச்சடித்த புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். என் இருபது கணக்கும் என் வரிசையிலேயே. ‘ஒவ்வொரு ஆண்டும் மாறாதது’ என்று தலைப்பு. பதினாலுக்கு நேரே பன்னிரண்டு என்று தடித்த எழுத்தில் விடை.

“தாள்ல எட்டுன்னு இருந்துச்சே, பாக்கலையா?”

“தொட்டின்னு பாத்தேன் டீச்சர். பாத்ததும் பன்னிரண்டுன்னு எழுதிட்டேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது தப்பா டீச்சர்?” என்றாள்.

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும் தொட்டி என்று பார்த்தேன். பார்த்ததும் சரி போட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

நாற்பத்தேழு பேர் தாளைப் படிக்கவில்லை. என்னோடு சேர்த்து நாற்பத்தெட்டு.

ஜனவரி 18, சனி

பதினொரு வருடம். யார் யாரையோ சந்தேகப்பட்டேன். மிட்டாய்க் காகிதத்தைச் சந்தேகப்பட்டேன். தும்மலைச் சந்தேகப்பட்டேன். என் தாளை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

ஆறு வருடம் முன்பு ஒருத்தி, தடிமனான கண்ணாடி போட்டிருப்பாள், எழுபத்தொன்பது எடுத்தாள். ஒரே ஒரு மதிப்பெண். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். சட்டம் என்றால் சட்டம் என்று தாண்டிப் போனேன். அவள் டியூஷனுக்குப் போனவளா, போகாதவளா? போகாதவள் என்றால் அவள் எழுபத்தொன்பதும் சொந்தக் காசு மாதிரி சொந்த மதிப்பெண். புத்தகத்தை மனப்பாடம் செய்து தொண்ணூறு வாங்கியவர்களுக்குப் பின்னால் அவளை நிறுத்தினேன். இப்படி எத்தனை பேர்? கணக்குப் போடவே முடியாத கணக்கு. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அவள் எங்கே இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “என் பேர் லிஸ்ட்ல எத்தனாவது?” என்றார். நாலாவது என்றேன். “சின்ன வாத்தியாருக்கும் பின்னாடியா? பரவாயில்ல” என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பீரோ சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். கசியவிட்டது யாருமில்லை, மாற்றாமல் வைத்திருந்த நான்தான் என்று. சின்ன வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரிந்திருக்குமோ? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இப்போதைக்கு அவரைச் சந்தேகப்பட எனக்குத் தகுதியில்லை. தேர்வு ரத்து. அடுத்த திங்கள் புதுத் தாள்.

தட்டச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல டீச்சர்” என்றார், விசைப்பலகையிலிருந்து கண் எடுக்காமல்.

நெட்டை வாசலில் மறித்தாள். “எனக்கும் ரத்தா டீச்சர்? நான் சரியாத்தானே எழுதினேன்?”

“எல்லாருக்கும்தான்.”

“அம்மா கடையில எல்லாருக்கும் சொல்லிட்டாங்களே, முதல் பிரிவுன்னு.”

இரண்டாவது முறையும் இந்தப் பிள்ளையின் இடத்தைப் பிடுங்கியது நான்தான். “மறுபடி நல்லா படிச்சுப் பார்த்து எழுது” என்றேன். என்ன ஒரு ஆறுதல்!

ஜனவரி 29, புதன்

ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு கணக்கையும் நானே மறுபடி போட்டுப் பார்த்துத் திருத்தினேன். மூன்று நாள் ஆனது.

நெட்டை எண்பத்தாறு. முதலில் அவள் தாளைத்தான் எடுத்தேன். பயத்தில் கடைசிப் பக்கத்திலிருந்து திருத்தினேன்.

அந்த நாற்பத்தேழு பேரில் இருபத்தொன்பது பேர் இந்த முறையும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள், இரட்டைச் சடையும் சேர்த்து. அவர்களுக்குக் கணக்கு தெரிந்தே இருக்கிறது. நம்பிப் புதுக் கணக்கு கொடுத்திருந்தால் போட்டிருப்பார்கள். குறைவாகத் தேறுவார்கள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். ஏன் அப்படி எதிர்பார்த்தேன் என்பதை யோசித்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வினாத்தாளைத் திருப்பி வாங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றேன். யாரும் நம்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

டிசம்பர் 3, புதன்

அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கான தாள் தட்டச்சிலிருந்து வந்தது. இருபதும் புதுசு. இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். சரிபார்த்துக் கொடு என்று நெட்டையைக்கூடக் கேட்கவில்லை. இந்த ஒரு வருடத்தில் என் வகுப்பில் அவள் கண்டுபிடித்த தப்புகளே போதும்.

ஒன்பதாம் கணக்கைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம் இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில்: ‘ஏழரை ஆள்?’

போட்டுப் பார்த்தேன். சுவர் கட்ட எத்தனை ஆட்கள் வேண்டும் என்ற கணக்கு. ஏழரை ஆள்தான் வருகிறது. மூன்று தடவை சரிபார்த்த தாள் அது.

அலுவலகத்துக்குப் போனேன். பதினோரு மாதமாகத் தாளை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போகிற மனிதர். இருபது கணக்கையும் போட்டுப் பார்த்திருக்கிறார். குப்பைக் கூடையில் காகிதம் நிறையக் கூட்டலும் கழித்தலும்.

“வேற எங்கயாவது இருக்கா?” என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார்.

“இல்ல டீச்சர். மத்ததெல்லாம் நிரம்புது.”

தேநீர் வந்திருந்தது. அவர் மேசையில் இரண்டு கோப்பை இருந்தன.